பச்சைப் பயிருக்குள் ஒரு வழி

நீங்கள் எப்போதாவது ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்களா? நான் மீறினேன். அதுவும் சட்டக் கல்லூரியில் முப்பது வருஷம் ஒப்பந்தச் சட்டம் நடத்திவிட்டு ரிட்டயர் ஆனவன்! மீறியதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

போன வாரம் குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலுக்குப் போயிருந்தேன். காலைப் பனி. நெஞ்சளவு உயரத்துக்கு மாப்பிள்ளைச் சம்பா. நீண்ட நாள் பயிர். அப்போதுதான் கதிரில் பால் பிடிக்கிறது. காற்று வந்தால் வயல் முழுக்க மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல எழும். பார்த்துக்கொண்டே நின்றால் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்... பாரம்பரிய நெல் போட வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. போட்டோ எடுத்து எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பனிக்குள் யாரோ நிற்பது தெரிந்தது. செல்வி. என் வயலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஏக்கர் அவருடையது. ஒரு காலத்தில் அவருடைய அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். செல்வி கஷ்டப்பட்டு உழைத்து, அந்த நிலத்தை என் அப்பாவிடமிருந்தே வாங்கினார்.

அறுப்பு மெஷின் வந்திருக்கிறது என்றார். இன்று விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுமாம். மறுநாள் மழை என்று போன் சொல்கிறது. அவருடைய நெல்லோ பழுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

"அறுத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் என் பயிரைப் பார்த்தார். "எப்படி சார் போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டிலிருந்து அவர் வயலுக்குப் போக என் வயலை விட்டால் வழி கிடையாது. வருஷா வருஷம் இரண்டு வயலிலும் ஒரே வயசு நெல்தான். மெஷின் என்னுடையதை அறுத்துவிட்டு அப்படியே பின்னால் போகும். நிலத்தை விற்றபோது அப்பா அவரிடம், "அறுப்புக்கு வழி உண்டும்மா" என்றார். பத்திரத்தில் எழுதவில்லை. ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வேலி போட்டேனா? வழியை மறித்தேனா? இல்லை. இந்த வருஷம் ஆசைப்பட்டு ஒரு நீண்ட நாள் விதை போட்டேன் — அவ்வளவுதான். மீறல் என்றால் முறைத்துக்கொண்டு வரும் என்று நினைக்கிறோம். என்னுடையது பச்சைப் பசேலென்று, பார்க்கவே அழகாக வளர்ந்து நின்றது.

மெஷினை என் பயிர் மேலேயே விடச் சொன்னேன். செல்வி அசையவில்லை.

"பால் பிடிக்கிற பயிரு சார். அது மேல ஏத்த மனசு வரலை."

அவர் கையில் அரிவாள் இருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கினேன். முதல் பிடியை அறுத்தபோது அழுகை வந்தது, பொய் சொல்வானேன். ஐந்தாவது பிடியில் விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டேன். செல்வி அரிவாளைத் திரும்ப வாங்கி, தானே அறுக்க ஆரம்பித்தார். பக்கத்து வயலிலிருந்து இரண்டு பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். பனி விலகிப் பார்த்தால், என் கனவுக்கு நடுவே மெஷின் அகலத்துக்கு ஒரு பாதை. அறுத்த பயிர் செல்வியின் மாடுகளுக்குப் போயிற்று.

மறுநாள் மழை வெளுத்து வாங்கியது. அவருடைய நெல் கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது.

நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன்: அந்த வழியைப் பத்திரமாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. 'எதுக்கு சார், உங்க வார்த்தை போதும்' என்பார் என்று மனசுக்குள் ஓர் எதிர்பார்ப்பு.

"எழுதிடுங்க சார்," என்றார். "சொன்னது உங்களுக்கே மறந்துபோவுதே."

புதன்கிழமை பத்திர ஆபீஸுக்குப் போகிறோம். வாசகம் செல்வி சொல்வார்... நான் கையெழுத்து மட்டும்தான்!