என்ர பேரையும் கூப்பிடு

செய்தி வந்தபோது நான் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டை மைக்ரோவேவுக்குள் வைத்துவிட்டு நின்றேன். என் சிநேகிதி மைதிலியின் தம்பிதான் தொலைபேசி எடுத்தான். "சுபாக்கா, அக்கா போயிட்டா" என்றான். எங்கே போனாள் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். முதல்நாள் மாலைதான், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் சுற்றுலாவுக்கு இட்லியா சான்விச்சா என்று என்னோடு தொலைபேசியில் சண்டை பிடித்தவள் அவள். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். அம்புலன்ஸ் வர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டதாம். மைக்ரோவேவ் கத்திக்கொண்டே இருந்தது. யாரோ வந்து கதவைத் திறந்து அதை நிறுத்தினார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் தகனசாலை மண்டபத்தில் இருந்தீர்கள். அவளுடைய உறவினர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அமெரிக்காவிலே பிள்ளைகளைப் பராமரிக்கப் போன இடத்தில் நடந்த அந்தத் துக்ககரமான சம்பவத்துக்குப் பிறகு மைதிலி மனமுடைந்து போனார்" என்றார். நான் எழும்பி, "ஐயா, அந்தப் பிள்ளை சாகேல்லை!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். லண்டனில் செத்தவர்களுக்கும் நேரம் குறித்துத்தான் கொடுக்கிறார்கள். அடுத்த குடும்பம் வெளியே கார்களில் காத்திருந்தது. "பிள்ளை, இப்ப நேரமில்லை, இருங்கோ" என்று ஒரு மாமி என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டார். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மைதிலியும் ஒரே பல்கலைக்கழகம். அமெரிக்காவில் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கோடை முகாமுக்கு அனுப்புவார்கள் என்றும், அவர்களோடு ஒரே குடிலில் படுத்தெழும்பிப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டு மாணவர்களை எடுப்பார்கள் என்றும் அங்கேதான் அறிந்தோம். அந்த வேலைக்குப் பெயர் கவுன்சிலர். லண்டனில், ஹரோவில் அவளுடைய வீட்டு வரவேற்பறையில் இதைச் சொன்னபோது, அவளுடைய அப்பா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "காம்போ? காம்பில இருந்து தப்பி வரத்தானே வீடு வாசல் எல்லாத்தையும் விட்டனாங்கள். நீ விசா எடுத்துக் காம்புக்குப் போறியோ?"

"இது வேற காம்ப் அப்பா. இதில பிள்ளையளைச் சிரிக்க வைக்கிறதுதான் வேலை" என்றாள் மைதிலி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் விட்டார். என் வீட்டில், மைதிலி போகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக என்னையும் விட்டார்கள்.

முகாம் ஒரு ஏரிக்கரையில் இருந்தது. மைதிலிக்கும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கும் ஒரு குடில், எனக்குப் பக்கத்துக் குடில். போன முதல் நாளே அவளுக்கு 'மிலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவள் திரும்பியே பார்க்கமாட்டாள். பின்னால் நின்று மிலி, மிலி என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். இவள் பாட்டுக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். "என்ர பேர் மூண்டே மூண்டு எழுத்து. இந்த ஊர்ப் பேரெல்லாம் சொல்லுற வாய்க்கு இது பாரமோ?" என்று என்னிடம் புறுபுறுப்பாள். அவளுடைய குடிலில் எமிலி என்று ஒரு பிள்ளை. அதிகம் வாய் திறக்காது. அதுதான் முதன்முதலில் 'மைதிலி' என்று சுத்தமாகச் சொன்னது. அன்று முழுக்க இவளுக்குக் கால் தரையில் படவில்லை.

கவுன்சிலரின் முதல் வேலை எண்ணுவது. சாப்பாட்டுக்குப் போக முன்னும் எண்ண வேண்டும், போன பின்னும் எண்ண வேண்டும், ஏரிக்கு இறங்க முன்னும் ஏறிய பின்னும் எண்ண வேண்டும். நான் தலைகளைத் தொட்டுத் தொட்டுக் கடகடவென்று எண்ணிவிடுவேன். மைதிலி எண்ணவே மாட்டாள். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளை பதில் சொல்ல வேண்டும், இவள் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் மற்றவர்கள் ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது. சாப்பாட்டு மண்டபத்துக்கு எப்போதும் அவளுடைய குடில்தான் கடைசி. முகாம் தலைவி இரண்டு தரம் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த அமெரிக்கப் பெண் ஆறிப்போன பான்கேக்கைத் தின்று தின்று வெறுத்துப்போனாள்.

"ஏனடி இப்பிடிச் சீவனை எடுக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பிள்ளையளை எண்ணக்கூடாது, கண்ணூறு பட்டிடும் எண்டு அம்மா சொல்லுவா. நான் அதை நம்பிறதில்லை. ஆனா எண்ண வாய் வருகுதில்லை" என்று சிரித்தாள்.

இன்னொரு நாள், உடுப்புத் தோய்க்கிற இடத்தில், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள். "சின்னனில இடம்பெயர்ந்து போய்ப் பள்ளிக்கூடம் ஒண்டில இருந்தனாங்கள். ஒவ்வொரு நாளும் ஆரோ வந்து எண்ணிக்கொண்டு போவினம். பருப்புக்கு எண்ணுவினம், பாய்க்கு எண்ணுவினம். அங்க இருந்து வெளிக்கிடும்வரைக்கும் ஒருத்தரும் என்ர பேர் என்னண்டு கேக்கேல்லை." சொல்லிவிட்டு, சவர்க்காரத் தூள் போதுமா என்று பார்த்தாள்.

பெற்றோர் பார்க்க வருகிற நாள் ஒன்று உண்டு. அன்று முகாமே திருவிழாப்போல இருக்கும். அப்பா அம்மா, சகோதரங்கள், கூடை கூடையாகச் சாப்பாடு. எமிலிக்கு மட்டும் யாரும் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகள் நீந்துவதைப் பெற்றோர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். ஏரிக்கரையில் ஒரு பலகை இருக்கும். தண்ணீருக்குள் இறங்குகிற பிள்ளை, தன் பெயர் எழுதிய தகட்டை அதில் சிவப்புப் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். ஏறி வந்ததும் வெள்ளைப் பக்கம். அன்று நீச்சல் முடிந்து எல்லோரும் ஏறியதும், அந்த அமெரிக்கப் பெண் வரிசையை எண்ணினாள். கணக்குச் சரி. மைதிலி வழக்கம்போலப் பெயர்களைத் தொடங்கினாள்.

எமிலி என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டாள். பிறகுதான் வரிசையில் தனக்குத் தெரியாத ஒரு முகம் நிற்பதைக் கண்டாள். யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்க வந்த தங்கச்சி. அன்று காலையில் வாங்கிய முகாம் ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு, அக்காவோடு தானும் நின்றிருந்தது. மைதிலி பலகையைப் பார்த்தாள். எமிலியின் தகடு சிவப்பில் இருந்தது.

மூன்று நீண்ட விசில் ஊதினாள். அதைக் கேட்டால் முகாமில் இருக்கிற அத்தனை பெரியவர்களும் ஓடிவந்து, கைகோத்து, ஒரே வரிசையாகத் தண்ணீருக்குள் நடக்க வேண்டும். காலால் அடிமண்ணைத் தடவித் தடவி நடக்க வேண்டும். எதற்காகத் தடவுகிறோம் என்று தெரிந்துகொண்டே தடவ வேண்டும். என் ஒரு பக்கம் சமையல்காரர், மறுபக்கம் மைதிலி. என் காலில் ஒரு மரக்கட்டை தட்டுப்பட்டது. ஐயோ கடவுளே என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே நின்றுவிட்டது. மைதிலி மட்டும் எமிலி, எமிலி என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பிள்ளை பதில் சொல்லிவிடும் என்பதுபோலக் கூப்பிட்டாள். கரையில் நின்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எமிலி ஓடங்கள் வைக்கிற கொட்டிலுக்குள் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. மற்றவர்களுடைய அப்பா அம்மாவைப் பார்க்கப் பொறுக்காமல், தண்ணீரில் இருந்து யாருக்கும் சொல்லாமல் ஏறிப்போய், ஒரு ஓடத்துக்குள் படுத்து நித்திரையாகிவிட்டதாம். தகட்டைத் திருப்ப மறந்துபோனதாம். மைதிலி தண்ணீரில் இருந்து ஓடினாள். "எங்கையடி போனனீ? சொல்லு, எங்கையடி போனனீ?" என்று அந்த வெள்ளைப் பிள்ளையின் தோள் இரண்டையும் பிடித்துத் தமிழில் உலுக்கினாள். பிறகு மணலில் குந்தியிருந்து வாந்தியெடுத்தாள். எமிலி, நனைந்து நின்ற எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரும் எனக்காகவா தண்ணிக்குள் இறங்கினீர்கள்?" என்று கேட்டது. அதன் முகத்தில் சந்தோசம் இருந்தது.

சில பெற்றோர்கள் அன்று பின்னேரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முகாம் தலைவி கொதித்துப்போனார். பிள்ளைகள் தகட்டைத் திருப்ப மறப்பது நெடுகலும் நடப்பதுதானே, கணக்கும் சரியாகத்தானே இருந்தது, இத்தனை பேருக்கு முன்னால் ஊதாமல் என்னிடம் மெதுவாக வந்து சொல்லியிருக்கலாமே என்றார். "பிள்ளை தண்ணிக்குள்ள கிடந்திருந்தால் மெதுவாச் சொல்ல நேரம் இருந்திருக்காது" என்றாள் மைதிலி. பிள்ளையைப் பிடித்து உலுக்கியதையும் குற்றமாகச் சேர்த்து, அந்தக் கிழமையே அவளை விமானம் ஏற்றினார்கள். நானும் வாறன் என்று பெட்டியை எடுத்தேன். "நீ நில்லு. எமிலியைப் பேர் சொல்லிக் கூப்பிட இங்க ஒராள் வேணும்" என்றாள். கோடை முடியும்வரை நின்றேன்.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளை செத்ததும் இல்லை, தண்ணீருக்குள் மூழ்கியதும் இல்லை. ஆனால் எங்களுடைய ஆட்களில் ஒருத்தி அமெரிக்காவில் இருந்து சொன்ன நாளுக்கு முன்னமே வீடு வந்துவிட்டால் சும்மா விடுவார்களா? மைதிலியின் அம்மா மரக்கறிக் கடையில் யாரோ கேட்க, "பிள்ளை ஒண்டு காணாமப் போச்சாம், அதாலை இவளை அனுப்பிப்போட்டாங்கள்" என்று உள்ளதைச் சொன்னார். ஹரோவில் காணாமல் போன பிள்ளை, வாய்வழியாக லண்டனின் மறுகோடி ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் மூழ்கிவிட்டது. நான் திரும்பி வந்து கோலியர்ஸ் வுட்டில் சித்தி வீட்டுக்குப் போனால், பொலிஸ் கேஸ் என்ன மாதிரிப் போகுது என்று சித்தி கேட்கிறா! நான் வாய் வலிக்க விளக்கினேன். "நீ அவளின்ர சிநேகிதி, அப்பிடித்தானே சொல்லுவாய்" என்றா.

மைதிலி ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். பிள்ளைகளோடு வேலை செய்த இடத்தில் விசாரிப்போம் என்றார்கள். முகாமில் என்ன சொன்னார்களோ தெரியாது, இடம் கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு இருக்கவென்றே பிறந்தவள், உள்ளூராட்சிக் கவுன்சில் அலுவலகத்தில் பார்க்கிங் அபராதத்தை எதிர்த்து வருகிற முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைப் பள்ளியில் படிப்பிக்க விட்டார்கள். ஆனால் சுற்றுலா என்று வந்தால், கமிட்டியில் இருந்த ஐயா ஒருவர், "மைதிலி கெட்டிக்காரி, அதில ஒண்டுமில்லை. ஆனா பிள்ளையளை வெளியில கொண்டுபோறதெண்டால்..." என்று இழுப்பார். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. பொறுப்பு எனக்கு வரும். சாப்பாட்டுப் பைகளைத் தூக்குகிற உதவியாளாக அவள் வருவாள்.

"நீ ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்? எழும்பிச் சொல்லன்!" என்று எத்தனையோ தரம் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

"சொல்லச் சொல்லக் கூடுது சுபா. நான் அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தண்ணியில இருந்து எடுக்கிறன், இவையள் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடுகினம். எனக்கு ஏலாது" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளைக் கேட்கவில்லை.

நான் பொறுப்பாகப் போன முதல் சுற்றுலாவில், ஹரோ ஸ்டேஷன் மேடையில் அவளுடைய முறைப்படியே பெயர் பெயராகக் கூப்பிட்டேன். பிள்ளைகள் எல்லாம் பதில் சொன்னார்கள். சரி, வாங்கோ என்றேன். வரிசையின் கடைசியில் பைகளோடு நின்ற மைதிலி அசையவில்லை.

"இன்னும் முடியேல்லை. என்ர பேரையும் கூப்பிடு."

"உனக்கென்ன விசரோ?"

"பெரியாக்களும் துலைஞ்சு போவினம். கூப்பிடு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் "மைதிலி" என்று கூப்பிட்டேன். "ஓம், நிக்கிறன்!" என்று மேடை அதிரக் கத்தினாள். அன்றிலிருந்து பிள்ளைகளும் அப்படித்தான் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றுலாவிலும் கடைசிப் பெயர் அவளுடையது. அவள் பகிடிக்குத்தான் கேட்டாள் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. நான் கூப்பிடும்வரைக்கும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுடைய வீட்டில் இருந்து நான் ஒன்றும் எடுத்துக்கொண்டு வரவில்லை. தம்பி ஒரு சேலையைத் தரப் பார்த்தான், வேண்டாம் என்றேன். அவளிடம் இருந்து என்னிடம் இருப்பது அந்தக் கூப்பிடுகிற பழக்கம் ஒன்றுதான்.

இட்லியா சான்விச்சா என்று சண்டை பிடித்த அந்தச் சுற்றுலா போன சனிக்கிழமை. நிறுத்துவோமா என்று கேட்டேன். பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள், போவோம் என்றார் கமிட்டி ஐயா. உதவிக்கு அவரே வந்தார். இட்லிதான் கொண்டுபோனோம். மேடையில் வரிசையாக நிறுத்திப் பெயர்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாக, "ஓம், நிக்கிறன்" என்றார்கள். கடைசிப் பிள்ளையும் சொல்லி முடிய, என் வாய் தன்பாட்டுக்கு "மைதிலி" என்றது.

மெற்றோபொலிற்றன் லைன் ரெயின் வந்து நின்று கதவுகள் திறந்தன. பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லாம் சொல்லியிருந்தோம். அழுதும் இருந்தார்கள். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. "ஏறுங்கோ பிள்ளையள், கதவு பூட்டப்போகுது" என்றார் ஐயா. முன்னால் நின்ற ஒரு சின்னப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்து, "மைதிலி ரீச்சர் இன்னும் ஆன்சர் பண்ணேல்லை" என்றது.

ஐயா கையில் இருந்த இட்லிப் பைகளைக் கீழே வைத்தார். கதவுகள் மூடி ரெயின் போய்விட்டது. அடுத்தது வரும்வரை நாங்கள் எல்லோரும், அவரும்கூட, அந்த இடத்திலேயே நின்றோம்.