இன்ஷிராஹ் மறைத்த மூன்றாவது பெயர்

எகிப்தில் எங்கள் ஊரான மீத் கம்ரில் ஒரு தாயிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வாள். முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடும். என்னைப் பெற்றவளும் அந்தப் பயத்தில்தான் எனக்கு ஷிஹாத்தா என்று பெயர் வைத்தாள். பிச்சை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெயரைச் சுமக்கும் நானாவது அன்றைக்கு உஷாராக இருந்திருக்க வேண்டும்.

நான் இண்டர்நெட் கடை வைத்திருக்கிறேன். அக்டோபர் வந்தால் அமெரிக்க விசா குலுக்கலுக்கு விண்ணப்பம் போட ஊரே என் கடையில்தான் நிற்கும். எதிர்வீட்டு இன்ஷிராஹும் வந்தாள். அவள் கணவன் ருஷ்தி அலுமினியப் பட்டறையில் பானை அடிப்பவன். அவனுடைய தொழிற்படிப்பு குலுக்கலுக்குச் செல்லாது என்றேன்.

"நான் பன்னெண்டு பாஸ். என் பேர்ல போடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க எத்தனை, உம்மு கரீம்?" என்றேன். மூத்தவன் பெயரை வைத்துக் கரீமின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "ரெண்டு. கரீம், ஹாஸிம்."

மூன்றாவது துகா, ஏழு வருடம் தவமிருந்து பெற்ற பெண், அவள் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இரண்டு என்று தட்டிய புத்திசாலி நான். பெற்றவள் சொல்லும் கணக்கை எவன் திருத்துவான்?

முதல் தடவையே பெயர் விழுந்தது. தெரு முழுக்கச் சர்பத் கொடுத்தார்கள். கெய்ரோவில் நேர்காணலின்போது துகாவின் பிறப்புச் சான்றிதழை நீட்டியதும், "விண்ணப்பத்தில் இந்தக் குழந்தை இல்லையே" என்றாராம் அதிகாரி. ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எழுதினால் தகுதி போய்விடும், அதுதான் சட்டம். ஐந்து பேரும் போன வழியே திரும்பி வந்தார்கள்.

என்னை ஒருத்தரும் திட்டவில்லை. ருஷ்தியின் அக்கா ஸனிய்யாதான் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் பொண்ணாலதான் எல்லாம் போச்சு" என்று ஓதிக்கொண்டிருந்தாள். சொந்த அத்தை, நாக்கில் நரம்பில்லாதவள்.

துகாவுக்கு ஆறு வயதிருக்கும். தாயோடு கடைக்கு வந்தவள் கேட்டாள்: "ஷிஹாத்தா மாமா, என்னாலதான் நாங்க அமெரிக்கா போகலையாம்?"

இன்ஷிராஹ் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வருடம் தவறாமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு அமெரிக்காவைவிட, அந்தச் சொல்லைத் துகாவின் தலையிலிருந்து இறக்குவதுதான் பெரிதாகிவிட்டது.

"இப்ப எழுது" என்று கடையே அதிரச் சொன்னாள். "மூணு! கரீம், ஹாஸிம், துகா. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க."

கடையில் இருந்தவர்கள் பதறிப்போய், கண் படாமலிருக்க "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

"கண்ணு பட்டாப் படட்டும். மறைச்சுத்தானே கெட்டோம்?"

அந்த வருடம் விழவில்லை. அடுத்த அக்டோபரில் பழைய போட்டோவையே நீட்டினாள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததுதான் செல்லும் என்று விரட்டினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினாள். அப்புறம் ஸனிய்யாவின் மகன் உதவுகிறேன் பேர்வழி என்று அவள் பெயரில் இன்னொரு விண்ணப்பம் போட்டுவைத்தான். இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கடைப்பக்கமே வரக்கூடாது என்றேன். அவளோ, "அடுத்த அக்டோபர் எங்க போயிடப் போவுது?" என்றாள்.

அந்த அக்டோபரில் போட்டது அடுத்த மே மாதம் விழுந்தது. இந்தத் தடவை நேர்காணலில் அதிகாரி மூன்று பெயர்களையும் வாசித்து, மூன்று சான்றிதழ்களையும் பார்த்துவிட்டு, விசா கொடுத்துவிட்டார்.

கிளம்புகிற அன்று தெருவே திரண்டிருந்தது. ஸனிய்யாவும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். வேன்காரன் பெட்டிகளை மேலே கட்டிவிட்டு, "மொத்தம் எத்தனை பேரும்மா?" என்றான்.

வெளியூர்க்காரன், சுற்றிலும் அத்தனை கண்கள், தொலைதூரப் பயணம். இன்ஷிராஹ் பழக்கதோஷத்தில், "நாலு" என்றுவிட்டாள்.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த துகா தலையை வெளியே நீட்டி, அத்தையைப் பார்த்துக் கத்தினாள்:

"அஞ்சு! என்னையும் சேத்து அஞ்சு!"

இன்ஷிராஹ் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்தான் வெட்கமில்லாமல் அழுதேன்.