ஜீரோவை மாற்றிய கை

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பெயரையும் இரண்டு முறை படித்த பிறகுதான் கொடுப்பாள். பட்டறையிலும் அவள் ‘மருந்துக்கடை அக்கா’தான். கணினியில் வரைந்ததை மரத்தில் வெட்டித் தரும் சிஎன்சி மெஷினைக் கற்றுக்கொள்ள ஞாயிறுதோறும் அங்கே வருவாள். அவளோடு அங்கே கற்றுக்கொண்டவர் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு மரப்பெட்டி செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பிட் என்கிற வெட்டும் முனை மரத்தின் மேற்பரப்பைத் தொடும் இடத்தை ‘ஜீரோ’ என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு டிரைவர் காகிதத் துண்டை பிட்டின் அடியில் நுழைத்து இழுத்து இழுத்துப் பார்த்து தன் மரத்துக்கு ஜீரோ வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு மெல்லிய பலகையை மாட்டி, அதற்கு ஜீரோ வைத்து, சாவிக்கொத்துக்கு ஒரு வில்லை வெட்டிக்கொண்டாள். ஜீரோவைப் பழையபடி மாற்ற மறந்துபோனாள்.

டிரைவர் வந்து பட்டனை அழுத்தினார். மெல்லிய பலகைக்கு வைத்த ஜீரோவில், அவருடைய தடித்த மரத்துக்குள் பிட் ஆழமாக இறங்கி முறிந்தது. மரம் பிளந்தது. சத்தம் கேட்டு, கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஓடி வந்தார்.

"ஜீரோ சரியா வச்சீங்களாண்ணே?"

"வச்சேன்னுதான் நெனச்சேன் தம்பி. கண்ணு முன்ன மாதிரி இல்ல. இது நமக்குச் சரிப்பட்டு வராது."

அக்கா வாயைத் திறக்கவில்லை. வில்லை உள்ளங்கையில் உறுத்தியது.

மறு ஞாயிறு அவர் வரவில்லை.

"கண்ணு சரியில்லன்னு வீட்ல பைக் சாவியையும் வாங்கி வச்சுட்டாங்களாம்" என்றார் மாஸ்டர்.

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய மனுஷர். அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கணவர், "மரம்தானே, வேற வாங்கிக் குடு" என்றார். போனது மரம் மட்டும் என்றால் எப்போதோ வாங்கிக் கொடுத்திருப்பாள்.

வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். அவர் கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, நீங்க ஜீரோ சரியாத்தான் வச்சீங்க. நான்தான் மாத்திட்டேன். வெட்கப்பட்டுக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். தப்பு என் மேல இல்லையாம். நீயே சொல்லும்மா இவகிட்ட."

அக்கா முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் உள்ளே போய், பைக் சாவியைக் கொண்டுவந்து கணவரின் கையில் வைத்தார். பழைய நூல் கயிற்றில் கோத்த சாவி.

அவருக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கொண்டுபோயிருந்தாலும், இத்தனைக்கும் காரணமான அந்த வில்லையை அக்கா கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.