எந்திரி ராசாவுக்கு எத்தனை குரல்

சோம்பேறிப் புருஷனை எழுப்புகிற பாட்டு, அவ்வளவுதான் விஷயம். எங்கள் அலுவலக நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் மெட்டுப் போட்டார். நான் கையில் துடைப்பத்தோடு மேடையில் பாடினேன்: “எந்திரி ராசா எந்திரி, ஏரிக்கரையில வெயில் வந்தாச்சு.” கீழ்பென்னாத்தூரில் போட்டபோது ஜனங்கள் விடாமல் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அந்த ஆர்மோனியக்காரரையே பிறகு கட்டிக்கொண்டேன். எழுப்புகிற வேலை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பாட்டு ஊரில் பேசப்பட்டதும் ஒரு கேசட் கம்பெனிக்காரர் தேடி வந்தார். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “குரல்ல கிராமம் ஜாஸ்தியா இருக்கு சார்,” என்றார். என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம். சென்னையிலிருந்து வேறொரு பாடகியை வைத்துப் பதிவு செய்வார்களாம். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, “உங்க இஷ்டம்ங்க,” என்றார். அந்த அம்மா பாடியதைக் கேட்டால் எந்த ராசாவும் எழுந்திருக்க மாட்டான், இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொள்வான்.

அதோடு பாட்டுக்குச் சனி பிடித்தது. பக்தி கேசட்டில் ராசா போய் ஈசன் வந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை முழுக்க என் துடைப்பப் பாட்டைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தேர்தலில் ஒரு கட்சி அதே மெட்டில் வாக்காளரை எழுப்பியது. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, அதுவும் எழுப்பியது. பேண்டு வாத்தியக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்பில் வாசித்தார்கள், அர்த்தம் தெரிந்துதானோ என்னவோ. ஒரு பையன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அழுதுகொண்டே பாடி இணையத்தில் போட்டான். எதற்கு அழுதான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஊரில் எல்லார் குரலிலும் அந்தப் பாட்டு இருந்தது, என் குரலில் மட்டும் இல்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது பதிவாகிவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

போன மாதம் எங்கள் அறுபதாம் கல்யாணத்தில் பாடினேன். மகள் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினாள். மறுநாள் பார்த்தால் என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

“பாட்டு அந்த கேசட் கம்பெனிக்குத்தான் சொந்தமாம்மா. சவுண்ட கட் பண்ணிட்டாங்க,” என்றாள் மகள்.

“அடப்பாவிங்களா!” என்றேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

இன்று காலை வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தது. அதன் ஸ்பீக்கரிலும் இதே பாட்டுதான்: எந்திரி அம்மா எந்திரி, மக்கும் குப்பை தனியா போடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வாளியோடு தெருவில் நின்று, ஸ்பீக்கருக்கு மேல் குரலெடுத்து என் பாட்டை முழுசாகப் பாடினேன். ஓட்டுநர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: “தப்பா பாடுறீங்கம்மா. பாட்டு இப்படி வராது.”

“யோவ்!” என்று எங்கள் வாசல் கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். பனியனோடு என் வீட்டுக்காரர். “மெட்டு நான் போட்டது. அவ பாடுறதுதான்யா பாட்டு! மத்ததெல்லாம் காப்பி!”

ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். கேசட்காரரிடம் சொல்ல வேண்டியதைக் குப்பை வண்டிக்காரரிடம் சொல்கிறாரே மனுஷன் என்று திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. என் ராசா எழுந்திருக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.