தர்மராசாவின் கல்லில் ஒரு கோடு

"தோடு எங்க செய்தது?" என்றார் தர்மராசா.

"அம்மாவோடதுங்க," என்றாள் நிவேதிகா.

"கழட்டாதேங்கோ, அப்பிடியே திரும்புங்கோ. ம்ம். இடப்பக்கத் திருகுச் சுரை பிறகு மாத்தினது."

"ஆமாங்க. ஒண்ணு தொலைஞ்சு போச்சு."

"மாத்தினவன் ஏமாத்திப்போட்டான் எண்டு கண் சொல்லுது. கல் என்ன சொல்லுதெண்டு பிறகு பாப்பம்." அதற்குப் பிறகுதான், "பேர் என்ன, பிள்ளை?" என்று கேட்டார்.

பதுளைக் கடைவீதியில் உள்ள அந்த அடகுக் கடைக்கு நிவேதிகா எழுத்து வேலைக்கு வந்த முதல் நாள் அது. நகைகளை உரசிப் பொன்னின் தரம், அதாவது மாற்று, பார்ப்பது தர்மராசாவின் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தொரு வருடமாக அதே நாற்காலி. ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. படியேறி வருகிறவர்களை, "பசறைக் காசுமாலை வருது", "அப்புத்தளை ஒற்றைக் காப்பு மெலிஞ்சு போச்சு" என்றுதான் அடையாளம் சொல்வார். கல்யாண வீடுகளில் ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு சுற்றி வரும்போது, அவர் உட்கார்ந்திருக்கும் வரிசையில் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடும். "தொட்டுக் கும்பிட்டா போதுங்க, தூக்கிப் பாக்காதீங்க," என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சியதும் உண்டு.

கண் என்ன சொன்னாலும், உரைகல்லில் இழுத்துப் பார்க்காமல் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை. சவர்க்காரக் கட்டி அளவிலான அந்தக் கருங்கல், மஞ்சள் துணியில் சுற்றியபடி, போகும் இடமெல்லாம் அவர் சட்டைப்பையில் போகும். சிறிய அமிலக் குப்பியும் கூடப் போகும்.

போன சித்திரை விடுமுறையில் கடை ஆட்கள் எல்லோரும் வேன் பிடித்து, பசறை வளைவுகளில் தலைசுற்றி இறங்கி, கடற்கரைப் பக்கம் பொன்னம்வெளிக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் தோண்டிய ஊர். தோண்டிய குழிகளில் இப்போது எருமைகள் படுத்திருக்கின்றன. வருகிறவர்கள் ஓடை மணலைத் தகரத் தட்டில் அரித்துப் பார்க்கலாம். "கிடைச்சா உங்கட தங்கம், கிடைக்காட்டி எங்கட மணல்," என்றான் ஊரைச் சுற்றிக்காட்டிய ஹுமைத்.

ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போனது. கடையில் தேநீர் போடும் ஜெயந்தினி மட்டும் குனிந்தபடியே நின்றாள். தெமோதரைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கொழுந்தெடுத்த இடுப்பு. வெயில் சாயும் நேரத்தில் அவள் விரல் நுனியில் கடுகில் பாதியாக ஏதோ மினுங்கியது.

"காக்காப்பொன்னு அக்கா, ஊதி விடுங்க!" என்று சிரித்தார்கள்.

"ஐயா சொல்லட்டும்," என்றாள் அவள்.

தர்மராசா கல்லை எடுத்தார். அந்தப் பொட்டைக் கட்டைவிரலால் அமுக்கி ஒரே இழுவை. கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு கரையவில்லை. "இருபத்திரண்டு கரட்!" என்றார். "இப்பிடி ஒரு பொன் கண்டு எத்தினை வருசம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயந்தினி உள்ளங்கையை நீட்டினாள். "குடுங்க ஐயா."

அவர் கட்டைவிரலைப் பார்த்தார். மடியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கல்லைக் காட்டினார். "இதுதான்."

"இது கோடு. எம் பொன்னு எங்க?"

"எல்லாம் இதுக்குள்ளதான்..."

"என் தாலிக்கொடி, காப்பு, மக சங்கிலி எல்லாம் நம்ம கடைப் பெட்டியிலதான் கெடக்கு. அடகுக்குப் போகாத பொன்னு இது ஒண்ணுதான். அதையும் உரசித் தின்னுட்டீங்களே!"

"வெள்ளைக்காரனே கொஞ்சம் மிச்சம் வச்சிட்டுத்தான் போனான், சேர்," என்றான் ஹுமைத்.

திரும்பும் வழியில் மொனராகலையில் தர்மராசா அவளுக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார். அவள் தொடவில்லை. பணம் தருவதாகச் சொன்னார். "காசு வேணாம். கல்லக் குடுங்க." பசறை ஏற்றம் முழுவதும் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். பதுளை வெளிச்சம் தெரிந்தபோதுதான் ஒரு உடன்பாடு வந்தது. கல் அவருடையது, கோடு விழுந்த மூலை அவளுடையது.

அன்றிலிருந்து, மாலையில் எண்ணெய் தொட்டுக் கல்லைத் துடைக்கும்போது அவர் அந்த மூலையை விட்டுவிடுகிறார். காலையில் கோப்பையை வைத்த கையோடு ஜெயந்தினி, "இருக்குங்களா?" என்பாள். "இருக்கு." விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். அப்புறம்தான் சீனி போடுவாள்.

போன மாதம் கண் சத்திரசிகிச்சைக்காக அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். காலையில் ஜெயந்தினிக்குக் காட்ட வேண்டுமே என்று, புறப்படும்போது கல்லை நிவேதிகாவின் மேசையில் வைத்தார். பிறகு விரலில் தேங்காயெண்ணெய் பூசி, கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ தடவித் தடவிக் கோடு அழிஞ்சுகொண்டு போகுது, பிள்ளை. பின்னேரம் அவ போன பிறகு, இதால அதுக்கு மேல ஒருக்கா மெல்ல இழுத்து விடுங்கோ. நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கோட்டை விட்டு விலகி இழுத்துப் போடாதேங்கோ. அவவின்ர பொன்னைவிட என்ர மோதிரம் கொஞ்சம் மட்டம். பக்கத்தில பட்டால் தெரிஞ்சிடும்."