எவர்சில்வர் தண்டு

எங்கள் படகுச் சங்கத்தின் யாப்பு விதிப்படி, எழுத்தில் கேட்கும் கேள்விக்குத் தொழில்நுட்பக் குழு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் இத்தகைய விதிகளை எழுதியே ஓய்வுபெற்றவன் நான். நம்பியிருக்கக் கூடாது.

நானும் பக்கத்து நகரான ஹ்விடோவ்ரேயில் இருந்த மன்னார் நண்பரும் சேர்ந்து வாங்கிய பழைய மரப்படகு. வசந்தத்தில் புரொப்பெல்லர் தண்டு அரித்துப்போனதென்று கழற்றினோம். அழுக்கும் கிரீஸும் மூடிக் கிடந்ததை இரும்பென்றே நினைத்தோம். புதியதை வெண்கலத்தில் போடலாம் என்றேன்.

"வெண்கலம் கோயில் மணிக்கு. நாங்கள் பூசைக்கோ போறம்? எவர்சில்வர் போடும். ஊரிலையிருந்து கொண்டுவந்த சோத்துக் கோப்பையிலைதான் இண்டைக்கும் சாப்பிடுறன். பேரிலையே எவர் இருக்கு, எண்டைக்கும் கெடாது, ஐசே."

"கோப்பை கடலுக்குள்ளை கிடக்கேல்லை, அண்ணை."

குழுவிடம் கேட்போம் என்று சமாதானமானோம். எழுதினேன். மே முடிந்தது, பதில் இல்லை. மற்றப் படகுகளெல்லாம் தண்ணீரில். எங்களுடையது மட்டும் கரையில் தாங்கிகளின்மேல் காய்ந்து, பலகைகள் சுருங்கிக்கொண்டிருந்தது. இலையுதிர்காலத்தில் அவர் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகவிருந்தார். எங்களுக்கிருந்தது இந்த ஒரு கோடைதான்.

ஒருநாள் தன் ரயில் அட்டையைப் பலகை இடுக்கில் செருகினார். பாதி உள்ளே போனது.

"நீர் யாப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரும். படகு விறகாப் போகட்டும்."

அந்தக் கோபத்தில் பழைய தண்டை இழுத்துப்போட்டு, சாக்குத்துணியால் அழுத்தித் துடைத்தார். கடலில் நின்ற முனை அவருடைய கோப்பையைப்போலவே பளபளத்தது. தண்டு படகுக்குள் நுழையும் குழாய்க்குள், காற்றுப் படாமல் தேங்கிய தண்ணீரில் கிடந்த பகுதி முழுக்கக் குழிகள்.

"அட, இதுவும் எவர்சில்வர்!"

நான் ஒரு குழிக்குள் நகத்தை விட்டுப் பார்த்தேன்.

"வெளியிலை மினுக்கம், உள்ளுக்கை பொந்து. எங்கடை சங்கத் தலைவர் மாதிரி. சரி, உம்மடை கோயில் மணிக்கே ஓடர் குடும்."

வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் வராமலே ஒரு காரியம் செய்தேன். வெண்கலத் தண்டு பூட்டிப் படகை இறக்கினோம். முதலில் தண்ணீர் உள்ளே வந்தது. பலகைகள் ஊறி இடுக்குகளை மூடும்வரை மாறிமாறி இறைத்தோம். பிறகு கோடை முழுவதும் கடலில்தான். அவர் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் சாப்பிடுவார். தண்டு சுழலும் சத்தத்துக்குத் தலையாட்டி, "பூசை தொடங்கீட்டுது" என்பார்.

போகும்போது கோப்பையைப் படகிலேயே விட்டுவிட்டுப் போனார்.

குழுவின் பதில் ஒரே வரி: இரண்டு உலோகமும் பொருத்தமானவை. அது வந்தது, படகுகளைக் கரையேற்றும் நாளான ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை.