அத்தான் வைத்த ரப்பர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம். ரயில் வந்தால் முதலில் ஷோகேஸில் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். பிறகுதான் தரை அதிரும்.

இன்று என்ஜினியர் அத்தான் ஷோகேஸின் கால்களுக்கடியில் ரப்பர் வைத்தார். "இனிச் சத்தம் வராது," என்றார்.

வரவில்லை. பின்னேரம் தரை மட்டும் அதிர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமி, குண்டென்று நினைத்துத் தேநீர்க் கோப்பையோடு மேசைக்கடியில் புகுந்துவிட்டார். போனது ரயில்.

"கிளாஸ் ஆடினாத்தான் தம்பி, ரெயில் எண்டு மனம் ஆறும். உந்த ரப்பரைக் கழட்டிவிடுங்கோ."

அத்தான் கழற்றினார்.

சற்று முன் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. பல்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் ரயில் இல்லை.

மாமி மேசைக்கடியில் இருக்கிறார். இம்முறை அத்தானும்.

கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களே, உங்கள் வீட்டுக் கிளாஸ்கள் எப்படி?